கல்லின் கீழ்ப்பாதி

ஹேரியட் அந்த வாக்கியத்தைச் சொல்லி ஒரு வாரம் ஆகப்போகிறது. லோர்னாவின் தொண்டையில் அது இன்னும் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, தங்கை லோர்னாவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வறுத்த கோழியைக் கூறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஐவி நம்ம வீட்டுப் பொண்ணுதான், லோர்னா. யாரு இல்லைன்னா? ஆனா நம்ம வம்சம் இல்லையே."

ஐவி எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் காது கேட்காது என்று ஹேரியட் நினைத்தாளோ என்னவோ. ஐவி உருளைக்கிழங்கு மசியலை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழவில்லை. அதுதான் லோர்னாவுக்குத் தாங்கவில்லை.

நாலு வயதில் அரசாங்கக் காப்பகத்திலிருந்து ஒரு பொம்மையும் ஒரு பையுமாக வந்த குழந்தை அது. லோர்னாவும் கணவன் க்ளென்னும் சட்டப்படி தத்தெடுத்து, தங்கள் பெயரைக் கொடுத்து வளர்க்கிறார்கள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பார்லோ பள்ளத்தாக்கு முதல் குடும்பங்களின் புதல்வியர் சங்கத்தில் சின்னப் பெண்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் சேர வேண்டும், அவ்வளவுதான். சங்கத்தின் தலைவி ஹேரியட். செயலாளர் லோர்னா. சங்கத்தின் விதியோ, பள்ளத்தாக்கில் குடியேறிய முதல் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்த குடும்பங்களின் ரத்த வழியில் வந்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்கிறது.

ரத்த வழியில் வந்த பெண்களில் எத்தனை பேர் கையில் பிரஷ் எடுத்தார்கள் என்று லோர்னாவைக் கேட்டால் சொல்வாள். வருஷா வருஷம் வசந்தத்தில் அம்மாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய கற்களின் மேல் படிந்த பாசியைத் தண்ணீர் தெளித்து, மெல்லத் தேய்த்துக் கழுவுகிறவள் ஐவி ஒருத்திதான். ரத்தமுள்ள பெண்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்துக் கால்பந்துப் பயிற்சி வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் தொலைபேசி நாலாவது தடவையாக அடித்தது. லோர்னா முட்டைக் கலவையில் மயோனைஸ் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சாண்ட்விச் ஓரமெல்லாம் வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன், ஹேரியட்."

"போன வருஷம் வெட்டலை."

"போன வருஷம் பண்ணினது நீ."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஹேரியட் தோற்றதை ஒப்புக்கொள்ளும் முறை அது. பிறகு வேறு பக்கமாக வந்தாள்.

"க்ளென் கிளம்பியாச்சா? தோண்டக் கூடாதுன்னு சொன்னியா? கயித்தைக் கட்டி மெதுவா இழுத்து நிமிர்த்தினாப் போதும். கல்லைச் சுத்தித் தோண்டறது சங்க விதிக்கு விரோதம்."

"நிமிர்த்தறதும்தான் விரோதம்."

"மாநிலத் தலைவி வராங்க, லோர்னா! போட்டோ எடுக்கப் போறாங்க! நம்ம கொள்ளுத் தாத்தாவுக்கு எள்ளுத் தாத்தா, குடிச்சவன் மாதிரி சாஞ்சுக்கிட்டு நிப்பாரா?"

சாய்ந்திருந்தது உண்மைதான். பனி உருகி மண் உப்பிக் கிளம்பியதில் ஜோத்தம் டில்லரியின் கல் இந்த வருஷம் பக்கத்துக் கல்லின் தோளில் போய்ச் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு அதன் அருகில் வெண்கலப் பட்டயம் பதிக்கிறார்கள். மாநிலத் தலைவி திருமதி வின்ஷிப் தானே வந்து துணியை விலக்கப் போகிறார். அவருடைய பதவிக்காலம் இலையுதிர் காலத்தோடு முடிகிறது. அடுத்த மாநிலத் தலைவி யார் என்பதை அவர் இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார் என்று ஊரில் பேச்சு. ஹேரியட் அதற்காகவே புதுத் தொப்பி வாங்கியிருந்தாள்.

"ஐவி வராளா?" என்றாள் ஹேரியட், கொஞ்சம் குரலைத் தணித்து.

"வரலைன்னு சொன்னா. எப்படி வருவா?"

"நான் என்ன இல்லாததைச் சொன்னேன்? விதியை நான் எழுதலையே. அம்மா தலைவியா இருந்தப்பவும் அதே விதிதான்."

"வெச்சிடறேன். முட்டை காயுது," என்று லோர்னா வைத்துவிட்டாள். முட்டை எப்படிக் காயும் என்று அவளுக்கே தெரியாது. அக்காவிடம் பேசி முடித்தால் வாயில் இப்படித்தான் ஏதாவது வரும்.

ஐவி வீட்டில் இல்லை என்பது மாடிக்குப் போனபோதுதான் தெரிந்தது. படுக்கை விரித்தபடி கிடந்தது. தண்ணீர் தெளிப்பானும் பிரஷ்களும் வைக்கும் வாளியையும் காணோம். அப்பாவின் வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள். வரமாட்டேன் என்று சொல்வாள், பிறகு யாரும் கேட்காதபோது வந்து நிற்பாள். லோர்னாவும் அப்படித்தான். க்ளென் இருவரையும் பார்த்துச் சிரிப்பான்.

அந்தச் சமயத்தில்தான் க்ளென்னின் அழைப்பு வந்தது. க்ளென் ஊர்ச் சாலைப் பணிகளின் மேஸ்திரி. குளிர்காலம் முழுக்கப் பனி வாருவான், கோடை முழுக்கப் பள்ளம் அடைப்பான், மீதி நேரத்தில் பேசாமல் இருப்பான்.

"லோர்னா, கொஞ்சம் வா."

"சாண்ட்விச் பாதியில இருக்கு."

"அதை விடு. வா."

"கல்லை உடைச்சிட்டியா? க்ளென், சத்தியமா, கல்லை மட்டும் உடைச்சிருந்தே..."

"உடையலை. வந்து பாரு."

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. ஜூன் மாதத்துக் கறுப்பு ஈக்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. லோர்னா கையால் விசிறிக்கொண்டே மேடேறினாள். தூரத்திலிருந்தே விஷயம் தெரிந்தது. மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, பட்டைக் கயிற்றில் ஜோத்தம் டில்லரியின் பலகைக்கல் தொங்கியது. கீழே நல்ல ஆழத்துக்குக் குழி.

"தோண்டாதேன்னு சொன்னேன் இல்ல?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"பலகைக்கல்லு. கயித்தைக் கட்டி இழுத்தா பிஸ்கட் மாதிரி ரெண்டா போயிருக்கும்," என்றான் க்ளென். "உங்க அக்காவுக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்? சத்தம் போடாம கிட்ட வா."

ஐவி கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். தெளிப்பானால் அடித்து அடித்து, மண் ஒட்டியிருந்த கீழ்ப்பகுதியை நனைத்து, மெல்லிய பிரஷால் சுழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லின் மேல்பாதி லோர்னாவுக்கு மனப்பாடம். ஊருக்கே மனப்பாடம். ஜோத்தம் டில்லரி, அவர் மனைவி மெர்சி, அவர்களின் மகன் ஆசா இக்கல்லை நாட்டினான். சங்கத்தின் ஆண்டு மலரில் ஒவ்வொரு வருஷமும் அந்தப் படம் வரும். 'நாட்டினான்' என்ற சொல்லோடு புல் தொடங்கிவிடும். இருநூறு வருஷத்தில் மண் ஏறி, கல் இறங்கி, அங்கே வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, தோண்டுவது விதிக்கு விரோதம்.

"படிக்கட்டுமாம்மா?" என்றாள் ஐவி.

"படி."

"அவர்கள் பெற்ற மக்கள் எவரும் நிலைக்கவில்லை. ஆற்றங்கரையில் கிடந்த என்னை எடுத்து, பெயரிட்டு, வளர்த்தார்கள். நான் அவர்களின் மகன்."

ஐவி விரலால் அடியைத் தடவிப் பார்த்தாள். "அவ்வளவுதான். அதுக்குக் கீழ வெறும் கல்லு." பிறகு, யாரிடமும் சொல்லாதது மாதிரி, "ஆசாவும் என்னை மாதிரிதான் இல்ல?" என்றாள்.

லோர்னாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்காரும்படி ஆகிவிட்டது. ஆசா டில்லரி ஜோத்தமின் ரத்தம் இல்லை. ஆசாவின் வழியில் வந்த எல்கானா இல்லை, ஃபீபி இல்லை, ஓரின் இல்லை, தாத்தா காலெப் இல்லை. இருபது வருஷம் தலைவியாக இருந்து, விருந்தினர் வந்தால் வம்சாவளியைப் பாட்டாகவே சொல்லிக் காட்டிய அம்மா எடித் இல்லை. ஹேரியட் இல்லை! புதுத் தொப்பியோடு மாநிலத் தலைவி ஆகப் போகிற ஹேரியட், முதல் குடும்பங்களின் புதல்வியே இல்லை.

"சிரிக்காதே," என்றான் க்ளென். "கல்லை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கணும்னு மட்டும் சொல்லு. முன்ன இருந்த மாதிரி புதைச்சா எழுத்து உள்ளே போயிடும். கொஞ்சம் மேலே நிறுத்தினா வெளியே தெரியும். உங்க குடும்பம், உங்க கல்லு. நான் கப்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறேன், கை வலிக்குது."

லோர்னா வாயைத் திறப்பதற்குள் கீழே வண்டி வந்து நின்றது. ஹேரியட்டின் வண்டி. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வெள்ளைக் கையுறை, புதுத் தொப்பி, தோளிலிருந்து இறங்கும் நீலப் பட்டை, அதில் ஒவ்வொரு முன்னோருக்கும் ஒவ்வொன்றாகக் குத்திய ஊசிப் பதக்கங்கள். அறுபது வயதிலும் மேட்டை மூச்சு வாங்காமல் ஏறினாள். ஏறி வந்தவள் குழியைப் பார்த்தாள். தொங்கும் கல்லைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"தோண்டாதேன்னு சொன்னேனே," என்றாள். கத்தவில்லை.

"படிச்சுப் பாரு," என்றாள் லோர்னா.

ஹேரியட் படிக்கவில்லை. கல்லின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் சாலையைப் பார்த்தாள். "மண்ணைப் போடு, க்ளென். சீக்கிரம். பத்து நிமிஷத்துல எல்லாரும் வந்துடுவாங்க."

"என்ன எழுதியிருக்குன்னு பாரேன், ஹேரியட்!"

"எதுவா இருந்தா என்ன? இப்ப அதுக்கு நேரமில்லை."

"நேரமில்லையா? போன ஞாயித்துக்கிழமை என் வீட்ல உக்காந்து, என் கோழியைத் தின்னுக்கிட்டு, என் பொண்ணு மூஞ்சிக்கு நேரா ரத்தத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ண நேரமிருந்துச்சே? அதே அளவுகோலை எடு. உன்னையும் அள. நீயும் டில்லரி வீட்டுப் பொண்ணுதான், வம்சம் இல்லை. அம்மாவும் இல்லை, நானும் இல்லை. ஆத்தங்கரையில பொறுக்கின ஜாதி நாம."

"மெதுவா பேசு."

"ஏன், செத்தவங்க எழுந்துடுவாங்களா?"

க்ளென் இருமினான். ஐவி பிரஷ்களை ஒவ்வொன்றாக வாளியில் போட்டுவிட்டு எழுந்து, வண்டிப் பக்கமாக நடந்து போனாள். இரண்டு பெரியவர்கள் தன்னை வைத்துச் சண்டை போடும்போது அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்பதை அவள் நாலு வயதுக்கு முன்பே கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

ஹேரியட் அவள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேளு. இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். நான் மாநிலத் தலைவி ஆயிட்டேன்னா விதியை மாத்தற இடத்துல நான் இருப்பேன். அவ்வளவு ஏன், திங்கள்கிழமையே ஐவியைச் சின்னப் பிரிவுல சேர்த்துக்கறேன். சிறப்பு அனுமதி. கையெழுத்து நான் போடறேன். நீ கேட்டது அதுதானே?"

"முந்தாநாள் வரைக்கும் அவளுக்கு ரத்தம் பத்தலை. இப்ப எங்கேர்ந்து ஊறிச்சு?"

"லோர்னா, அறுபது வருஷமா நான் வேற எதுவுமா இருந்ததில்லை. கட்டின புருஷன் ரால்ஃப் போய்ச் சேர்ந்தாச்சு. பிள்ளை குட்டி இல்லை. இதையும் புடுங்கிட்டா நான் காலையில எழுந்து எங்கே போறது?"

இதைச் சொல்லும்போது ஹேரியட்டின் தாடை நடுங்கியது. லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டிக்கொண்டிருக்கும்போது எதிராளி அழத் தொடங்குவதைப் போல எரிச்சல் வேறு கிடையாது. அதுவும் அக்கா. அதுவும் நியாயம் இல்லாத அக்கா.

அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். கீழே வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. க்ளென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு பெருமூச்சு விட்டுக் கல்லைப் பழைய ஆழத்துக்கே இறக்கி, மண்ணைத் தள்ளி, புல்திட்டை மேலே வைத்து மிதித்தான். கல் நேராக நின்றது. படத்தில் நன்றாக விழும்.

சங்கத்துப் பெண்களின் தொப்பிகள் மேடேறின. கொடி பிடித்த கிழவர் ஒருவர், ஹார்மோனிகாவோடு இன்னொருவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு திருமதி வின்ஷிப் வந்தார். சின்ன உருவம், எதையும் இரண்டு தடவை சொல்லாத குரல்.

வழக்கம்போல் எல்லோரும் சேர்ந்து சங்கத்தின் நோக்கங்களைச் சொன்னார்கள். முன்னோரை மறவாதிருப்பது, அவர்கள் உறங்கும் இடத்தைக் காப்பது, அவர்கள் பட்ட பாட்டை இளையவர்களுக்குச் சொல்வது. இளையவர்கள் என்றபோது லோர்னாவின் கண் தானாகத் திரும்பியது. கூட்டத்துக்கு வெளியே, அப்பாவின் வண்டியில் சாய்ந்துகொண்டு, ஐவி ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

திருமதி வின்ஷிப் துணியை விலக்கினார். வெண்கலம் வெயிலில் மின்னியது. கைதட்டினார்கள்.

அடுத்தது வழி சொல்லுதல். பட்டயம் பதிக்கும் நாளில், அந்த முன்னோரின் வழியில் வந்த பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, அவரிலிருந்து தன்வரை ஒரு கண்ணியும் விடாமல் சொல்ல வேண்டும். திக்கினால் அவமானம். சின்ன வயதில் அம்மா எடித் இருவரையும் குளியல் தொட்டியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஹேரியட் முன்னால் போனாள். கையை வைத்தாள்.

"ஜோத்தம் பெற்ற ஆசா. ஆசா பெற்ற எல்கானா. எல்கானா பெற்ற ஃபீபி. ஃபீபி பெற்ற ஓரின். ஓரின் பெற்ற காலெப். காலெப் பெற்ற எடித். எடித் பெற்ற நான், ஹேரியட்."

மணி அடித்தது போல் தெளிவாக வந்தது. ஆனால் லோர்னா ஹேரியட்டைப் பார்க்கவில்லை. தூரத்தில் ஐவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இந்தப் பெயர்கள் எல்லாம் அவளுக்கும் பாடம். இத்தனை பேருடைய கல்லையும் கழுவியவள் ஆயிற்றே. ஜோத்தம் பெற்ற ஆசா என்ற முதல் கண்ணியில் மட்டும் அந்த உதடுகள் மூடியிருந்தன. எல்கானாவிலிருந்துதான் சேர்ந்துகொண்டாள்.

பொய்யை அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது, யாரும் பார்க்காத இடத்தில் நிற்கிறாள், அப்போதும் சொல்லவில்லை.

"செயலாளர்," என்றார் திருமதி வின்ஷிப்.

லோர்னா கல்லின் மேல் கையை வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. 'பெற்ற' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐவிக்குத் திங்கள்கிழமை அனுமதி வந்துவிடும். அக்காவுக்குப் பதவி. எல்லோருக்கும் ஓரம் வெட்டிய சாண்ட்விச். ஐவி சலுகையில் சேர்ந்தவளாக, இவர்கள் எல்லாம் பிறப்பால் சேர்ந்தவர்களாக, காலமெல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஹேரியட் அந்தச் சலுகையை நல்ல நாள் தவறாமல் நினைவுபடுத்துவாள்.

"ஜோத்தம் வளர்த்த ஆசா," என்றாள் லோர்னா.

தொப்பிகள் நிமிர்ந்தன.

"ஆசா பெற்ற எல்கானா," என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும். "எடித் பெற்ற நான், லோர்னா."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, சரளைக்கல் நெறிபட, ஐவி நடந்து வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நீலப் பட்டைகள் வழி விட்டன. அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். நகத்தில் இன்னும் மண் இருந்தது.

"லோர்னா வளர்த்த நான், ஐவி."

லோர்னாவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஒரு கை மிச்சம் இருந்தது, அதன் மேலும் ஈ வந்து உட்கார்ந்தது.

"என்ன இது?" என்றார் திருமதி வின்ஷிப். "வளர்த்த ஆசான்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"கல்லை வெச்சு. மீதி மண்ணுக்குள்ள இருக்கு."

"தோண்டுங்க."

"காலையிலேர்ந்து இதே மண்ணை மூணாவது தடவையா அள்ளறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே க்ளென் மண்வெட்டியை எடுத்தான். கல்லைத் தூக்கத் தேவைப்படவில்லை. முன்பக்கம் மட்டும் மண்ணை வெட்டியெடுத்ததும் எழுத்து தெரிந்தது. திருமதி வின்ஷிப் கைத்தடியில் சாய்ந்து குனிந்து, உதடு அசையப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து ஹேரியட்டைப் பார்த்தார்.

"தலைவி, இது உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்வாள் என்றுதான் லோர்னா நினைத்தாள். இல்லை என்று சொல்லட்டும் என்றுகூட நினைத்தாள்.

"தெரியும்," என்றாள் ஹேரியட். "பதினேழு வயசுலேர்ந்து தெரியும். அம்மா கூட்டிக்கிட்டு வந்து, கையாலேயே மண்ணைத் தள்ளிக் காட்டினா. திரும்ப மூடினோம்."

"எனக்கு ஏன் காட்டலை?" என்று லோர்னா வெடித்தாள். மாநிலத் தலைவி, கொடி, தொப்பிகள், எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. "நானும் அவ பொண்ணுதானே?"

"ஏன்னா நீ ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேன்னு அம்மாவுக்குத் தெரியும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

திருமதி வின்ஷிப் சிரிக்கவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆசாவுக்கு நிறையப் பிள்ளைங்கன்னு படிச்சிருக்கேன். இங்கே ஆசா வழியில சங்கத்துல சேர்ந்தவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க."

பள்ளத்தாக்கில் பாதி ஆசாவின் வழி. அது எல்லோருக்கும் தெரியும். போன வருஷம்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள்தான். இப்போது தொப்பிகள் எல்லாம் தரையைப் பார்த்தன. ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். இன்னொருத்திக்கு ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. அவள் போட்டிருந்த ஷூவில் நாடாவே கிடையாது.

முதலில் தூக்கியது ஐவி. முழங்கை மடங்காமல், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி, நேராக.

லோர்னா தூக்கினாள். கொஞ்சம் பொறுத்து, மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் மேபெல் தூக்கினாள், முகம் சிவந்து. அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் ஹேரியட்டைப் பார்த்தார்கள். ஹேரியட் தூக்கினால் தூக்கலாம், இல்லாவிட்டால் தலைவி பார்த்துக்கொள்வாள், எப்போதும் அப்படித்தான்.

ஹேரியட் இரண்டு கைகளையும் கோத்து முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள். புதுத் தொப்பியின் நிழலில் அவளுடைய முகம் திடீரென்று அம்மாவின் கடைசிக் கால முகம் மாதிரி இருந்தது.

ஒரு வாரமாக லோர்னா இந்தக் காட்சிக்குத்தான் ஆசைப்பட்டிருந்தாள். ஹேரியட் நாலு பேர் முன்னால் பேச வார்த்தை இல்லாமல் நிற்க வேண்டும் என்று. பார்த்தபோது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தூக்கிய கையை இறக்காமலே நகர்ந்து போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"தூக்கித் தொலை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தூக்கினா அடுத்த நிமிஷம் நான் சங்கத்துல இல்லை."

"அப்ப நானும் இல்லை. சேர்ந்து வீட்டுக்குப் போவோம். சாண்ட்விச் நிறைய இருக்கு."

"விளையாடாதே, லோர்னா. என்னால முடியாது." ஹேரியட்டின் கண்கள் கல்லருகே போயின. அங்கே ஐவி இன்னும் அதே மாதிரி நின்றாள். ஈ கன்னத்தில் ஊர்ந்தது, அதை ஓட்டக்கூட அவள் கையை இறக்கவில்லை. பார்வை ஹேரியட்டை விட்டு நகரவில்லை.

"அந்தப் பொண்ணைக் கையை இறக்கச் சொல்லு," என்றாள் ஹேரியட், குரல் உடைந்து. "எவ்வளவு நேரமா நிக்கறா. வலிக்கப் போகுது."

"நீ தூக்கினாத்தான் அவ இறக்குவா," என்றாள் லோர்னா. "இந்தப் பிடிவாதம் வேற யார் வீட்லேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கறே?"

ஹேரியட் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். மேட்டின் மேல் அத்தனை பேரும் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.